யரிந்திப் பிரதிநிதிகளின் ஒருசேர வருகை

பேரவையின் மூன்றாம் கூட்டத்தில் இருந்தவர்களும் அவர்கள் அமர்ந்த இடங்களும் பின்வருமாறு.

மேலாளர் கிரேம் பென்டில், வட்டத்தின் வடக்கே, மின்விசிறிக்கு நேர் கீழே. வட்டத்தில் தலைமை இடம் என்று ஒன்று கிடையாது, அதற்காகத்தான் வட்டம் போட்டோம் என்று அவரே சொன்னார். ஆனால் கூடத்தில் மின்விசிறி ஒன்றுதான். அவருக்கு வலப்பக்கம் பண்பாட்டு ஆலோசகர் மெரிடித். கூரந்தா ஊரின் பிரதிநிதி ஆர்ச்சி சித்தப்பா, சாண்ட்விச் மேசைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். மற்ற ஊர்களின் பிரதிநிதிகள் கதவோரமாக. யரிந்தியின் பெண்கள் தரப்புப் பிரதிநிதி ஐவி நக்கமாரா, அதாவது என் அம்மா, தனக்கென்று போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில். யரிந்தியின் ஆண்கள் தரப்புப் பிரதிநிதி டெஸ்மண்ட் ஜங்காலா, அதாவது என் வீட்டுக்காரர், கூடத்துக்கு வெளியே, டொயோட்டாவின் பின்சக்கரத்தில் சாய்ந்து, முதுகை எங்களுக்குக் காட்டி. யரிந்தியின் எழுத்தரான நான், வாசற்படியில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நாய்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இந்த அமர்வில் வழக்கத்துக்கு மாறானது எதுவும் இல்லை. அம்மா இருக்கும் இடத்துக்கு டெஸ்மண்ட் வரமாட்டார். அவர் வரும் வழியில் அம்மா போகமாட்டாள். கடைக்குள் அம்மா மாவு வாங்கிக்கொண்டிருந்தால் அவர் வெயிலில் நிற்பார். எங்கள் மூத்தவனுக்கு மீசை முளைத்துவிட்டது; இதுவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஒருவர் பெயரை ஒருவர் சொன்னதில்லை. கங்காரு வாலில் நல்ல துண்டை ஒதுக்கி, "அங்க குடு" என்பாள் அம்மா. புதுப் போர்வை ஒன்றை என் மடியில் போட்டு, "அங்க குடு" என்பார் அவர். மாமியாரும் மருமகனும் இப்படி இருந்தால்தான் குடும்பம். இதில் எங்கள் பக்கத்துப் பூர்வகுடிகள் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

எங்கள் ஊருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் அக்கா தெல்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக ஆலிஸ் நகரத்தில் ஒரு விடுதியில் கிடக்கிறாள். யரிந்தியிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். யரிந்தியிலும் ஒரு டயாலிசிஸ் அறை இருக்கிறது. போன அரசாங்கம் கட்டி, நாடா வெட்டித் திறந்து, படம் எடுத்துக்கொண்டு போனது. சாய்வு நாற்காலியின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. எங்கள் நிலத்தடித் தண்ணீரில் உப்பு. அந்த உப்பைப் பிரிக்கும் இயந்திரத்தைப் பொருத்தினால்தான் அந்த அறை எதற்காவது ஆகும்.

அக்கா வாரம் தவறாமல் போன் செய்வாள்.

"என்னடி, மிசின் வந்துச்சா?"

"கூட்டம் நடக்குதுக்கா."

"கூட்டம் கெடக்கட்டும். நான் ஊருக்கு வந்து கெடக்கணும். இங்க சன்னலத் தொறந்தா காரு நிறுத்துற எடந்தான் தெரியுது. அதப் பாத்துக்கிட்டே போயிச் சேந்துருவேன் போல."

இயந்திரத்துக்கான பணம் தன்விருப்ப வட்டாரப் பேரவையின் கையில் இருந்தது. பேரவையில் நாங்கள் சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கிரேம் எங்கள் ஊருக்கு வந்து, மரத்தடியில் நின்று பேசினார்.

"இதில் சேரும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் இதன் அழகு. சேருகிற ஊர்களின் தேவைகள் உடனே கவனிக்கப்படும். சேராத ஊர்களின் விருப்பமும் முழுமையாக மதிக்கப்படும். மதித்து, தனியாக எடுத்து வைக்கப்படும்."

"தனியான்னா எங்க?" என்று கேட்டாள் அம்மா.

"ஒரு அலமாரியில்."

அன்று சாயங்காலமே நாங்கள் விரும்பிச் சேர்ந்தோம்.

ஊருக்கு ஒரு பெண், ஒரு ஆண் என்று இரண்டு பிரதிநிதிகள் வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்கள் ஓடைக்கு இந்தப் பக்கம் கூடி, நீர்நிலைக்கு உரியவள் என்பதால் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் கூடி டெஸ்மண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டுமே சரியான தேர்வு. இரண்டு பெயரையும் நான் சேர்த்து வாசித்தபோதுதான் ஊரே சிரித்தது. சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். எங்களிடம் முக்கியமான எந்த விஷயமும் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவானதில்லை. இவர்கள் அப்படித்தான் முடிவு செய்வார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இனி மூன்றாம் கூட்டம். கிரேம் எங்கள் தீர்மானத்தை எடுத்தார். பாதிக்கப்பட்ட ஊரின் இரு பிரதிநிதிகளும் ஒருசேர வருகை தந்து, ஒரே குரலில் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை வாசித்தார். அம்மா சம்மதம் என்றாள். வெளியிலிருந்து டெஸ்மண்ட் வண்டியின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

"அது என்ன சத்தம்?" என்றார் கிரேம்.

"அவரும் சம்மதம் சொல்றாருங்க."

"கூட்டத்துக்கு வெளியே எழும் சத்தத்தைக் குறிப்பில் ஏற்றுவதற்கில்லை."

அம்மாவைப் பின்கதவு வழியாக அனுப்பிவிட்டு டெஸ்மண்டை உள்ளே கூப்பிட்டேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்து, அவரும் தெளிவாகச் சொன்னார்.

"மிக்க நன்றி," என்றார் கிரேம். "இப்போது பெண் பிரதிநிதி எங்கே?"

ஆர்ச்சி சித்தப்பா வாயில் இருந்ததை விழுங்கினார். "அய்யா, ரெண்டு பேரும் சேந்தா யரிந்தி. பாதி போனதும் பாதி வருது. எப்படிக் கூட்டிப் பாத்தாலும் முழுசா வந்துருச்சுல்ல?"

"ஒருசேர என்பதுதான் விதி. விதி நீங்கள் விரும்பி ஏற்றது."

பணத்துக்கு ஜூன் கடைசி வரைதான் கெடு. அதற்குள் தீர்மானம் ஆகாவிட்டால் அது வந்த இடத்துக்கே போய்விடும்.

நான்காம் கூட்டத்துக்கு டார்வின் நகரத்திலிருந்து லாரியில் ஒரு மறைப்பு வந்தது. மடக்குப் பலகை, இரண்டு பக்கமும் புள்ளி ஓவியம் அச்சடித்தது. எங்களிடம் புள்ளி ஓவியம் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு உரிய கதை; இது யாருடைய கதை, யார் வரைந்தது என்று தெரியாததால் ஆர்ச்சி சித்தப்பா அதன் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. பலகை இடுப்பு உயரம்தான் இருந்தது. உயரமாக வைத்தால் பிரிவினை என்று அர்த்தமாகும் என்றார் மெரிடித். "நாம் யாரையும் மறைக்கவில்லை. மென்மையாக வேறுபடுத்துகிறோம்."

நாற்காலியில் உட்கார்ந்தால் டெஸ்மண்டின் தலை முழுவதும் மறைப்புக்கு மேலே தெரிந்தது. தரையில் உட்கார்ந்தால் தொப்பி தெரிந்தது. கடைசியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கிரேமால் படுத்தவரைப் பார்க்க முடியவில்லை. கூட்டம் நடத்துகிறவர் கண்ணால் கண்டால்தான் வருகை. ஸ்டோர் அறையிலிருந்து ஏணி கொண்டுவந்தார்கள். கிரேம் ஏறினார். மேலே நின்றதும் அவருக்குப் பேசத் தோன்றிவிட்டது.

"இந்தக் காட்சியைப் பாருங்கள், நண்பர்களே! உங்கள் மரபும் எங்கள் நடைமுறையும் ஒரே கூரையின் கீழே. இது உங்கள் பேரவை. இதில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆகவே இங்கே என்ன நடந்தாலும் எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நான் மேலிருந்து பார்க்கிறவன், அவ்வளவுதான்."

"பாத்து எறங்குங்க," என்றார் ஆர்ச்சி சித்தப்பா.

ஒருசேர வருகை ஆகிவிட்டது. அடுத்தது ஒரே குரல். ஒப்புதல் வாசகத்தை இருவரும் ஒன்றாகச் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று விளக்கினார் மெரிடித். அம்மா தாளைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். மருமகனும் மாமியாரும் சேர்ந்து சொல்வதா? சேர்ந்து பாட்டுப் பாடு என்றிருந்தால்கூட இதைவிட மோசமாக இருந்திருக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு நாய் மறைப்பின் மேல் முதுகைத் தேய்க்க, பலகை சாய்ந்தது. அம்மா ஒரு கதவு வழியாகவும் டெஸ்மண்ட் ஒரு கதவு வழியாகவும் ஓடிப்போனார்கள்.

யரிந்தி வெளிநடப்புச் செய்தது என்று குறிப்பில் ஏறியது.

அதன்பிறகுதான் பேரவைக்கு எங்கள் பிரச்சினை புரிந்தது. இருவருக்கும் இடையே தீராத பகை என்று முடிவுசெய்து, சமரசம் பேச மெரிடித்தை அனுப்பினார்கள். அவர் அம்மாவை வேலமர நிழலில் உட்காரவைத்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"அவர் உங்களுக்கு என்ன செய்தார், ஐவி? அவசரமில்லை. மெதுவாகச் சொல்லுங்கள்."

"என்ன செஞ்சாரா? கூரை ஒழுகுனப்ப தகரம் அடிச்சாரு. குளிருக்கு வெறகு போடுறாரு. எம் மக மேல கை வெச்சதில்ல."

"அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு வெறுப்பு?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இந்தப் பொண்ணுக்கு அம்மா அப்பா யாரும் இல்லையான்னு கேளு. பாவம், ஒண்ணுமே சொல்லிக் குடுக்காம வளத்துருக்காங்க."

டெஸ்மண்டிடம் போனார். "உங்கள் மாமியாரிடம் சொல்ல நினைத்து, சொல்லாமலே இருந்துவிட்டது ஏதாவது இருக்கிறதா?"

"எல்லாந்தான்," என்றார் டெஸ்மண்ட். "அதானங்க மொறை."

மெரிடித்தின் கண் கலங்கிவிட்டது. காயம் எவ்வளவு ஆழம் என்றால், அது காயம் என்பதே இவர்களுக்குத் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதினார். ஆட்சித் திறன், தொடக்க நிலைக்கும் கீழே. பரிந்துரை, நம்பிக்கைப் பயிற்சி. அதன்படி ஐவி கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய வேண்டும். டெஸ்மண்ட் அவளைக் கீழே விழாமல் கையில் தாங்க வேண்டும்.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். டெஸ்மண்டிடம் சொன்னேன். அவர் அன்று சாப்பிடவில்லை.

நான் பேரவை அலுவலகத்துக்குப் போனேன். "நாங்க வேற ஆள அனுப்பிடுறோங்க," என்றேன்.

"தாராளமாக," என்றார் கிரேம். "மாற்றுத் தீர்மானத்தை இரு பிரதிநிதிகளும் ஒருசேர முன்மொழிந்தால் போதும்."

"அப்ப பேரவையே வேண்டாங்க. வெலகிக்கிறோம்."

"அதுவும் உங்கள் விருப்பம்தான். நான் தடுக்கமாட்டேன். விலகலை இருவரும் ஒருசேர வந்து தெரிவிக்க வேண்டும்." பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது பேரவையின் யோசனை இல்லை. சும்மா காற்றில் சொல்கிறேன். ஜூன் முப்பது வரைக்கும் மட்டும் நீங்கள் விவாகரத்து வாங்கிக்கொண்டால் என்ன? அப்போது அவர் மருமகன் இல்லையே."

"ஜூலை ஒண்ணாந்தேதி திரும்பக் கட்டிக்கணுமாங்க?"

"அதில் பேரவை தலையிடாது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "டொயோட்டா யாருக்கு?" என்று மட்டும் கேட்டார் டெஸ்மண்ட்.

விவாகரத்தால் ஒன்றும் ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். அவர் ஜங்காலா, அம்மா நக்கமாரா, நானும் அக்காவும் நங்கராயி; எல்லாம் பிறப்போடு வரும் பிரிவுப் பெயர்கள், யாருக்கு யார் என்ன முறை என்பது அதிலேயே இருக்கிறது. நான் பிறக்காமலே போயிருந்தாலும் அவர் அவளுக்கு மருமகன் முறைதான். இதை கிரேமுக்கு ஒரு பக்கத்தில், தலைப்புப் போட்டு, விளக்கமாக எழுதி அனுப்பினேன். மிகச் சுவையான தகவல் என்று பதில் வந்தது.

ஜூன் கடைசி வாரம் அக்கா பேசினாள். எப்போதும் முதலில் இயந்திரத்தைப் பற்றிக் கேட்பவள், அன்று கேட்கவில்லை.

"குளிக்கிற எடத்துல விழுந்துட்டேண்டி. ஒண்ணுமில்ல. காலு வீங்கியிருக்கு. நர்சு நல்லவதான். ஆனா நங்கராயிங்கிற எம் பேரு அவ வாயில நொழையல, நக்கமாரான்னு அம்மா பேரச் சொன்னா சிரிக்கிறா. அம்மா பக்கத்துல இருக்காளா?"

பக்கத்தில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டாள். போனை வைத்ததும், "நான் போயி ஒக்காருறேன்," என்றாள்.

"எங்கம்மா?"

"அந்தக் கூடத்துலதான். அவங்க சொல்ற மாதிரி. சேந்து வாசிக்கிறேன். அங்க கேளு."

டெஸ்மண்ட் டயருக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையில் இருந்த வேலையை முடித்தார். காற்று அடித்தார். கசிகிறதா என்று எச்சில் தடவிப் பார்த்தார். பிறகு நிமிராமலே, "பெரிய துண்டா ஒண்ணு எடுத்து வை, நங்கராயி," என்றார்.

கடைசிக் கூட்டத்துக்கு எல்லா ஊரும் வந்திருந்தது. அம்மா தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தாள்; கையைப் பிடித்து நான் கூட்டிவந்தேன். டெஸ்மண்ட் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுகதவு வழியாக, சுவரைத் தடவித் தடவி வந்தார். இருவரையும் முதுகுக்கு முதுகாக உட்காரவைத்தேன். கிரேமின் முகம் மலர்ந்தது. மெரிடித் கைதட்டப் போய், யாரும் தட்டாததால் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வாசகத்தை நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். யரிந்தி மக்களாகிய நாங்கள். அம்மா சொன்னாள். அவர் சொன்னார். இரண்டு குரலும் ஒன்றாக வந்தது. என் வாழ்நாளில் அந்த இரண்டு குரலையும் நான் ஒன்றாகக் கேட்டதில்லை.

முதல் வரி முடிவதற்குள் ஆர்ச்சி சித்தப்பா எழுந்தார். தொப்பியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அடுத்து ஒரு பெண். பிறகு கதவோரம் இருந்த எல்லோரும். யாருக்கும் கோபம் இல்லை. நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை. இன்னொருவர் இப்படி வெட்கப்பட்டு நிற்பதை உட்கார்ந்து பார்க்க எங்கள் ஆட்களால் முடியாது, அவ்வளவுதான். போர்வைக்குள்ளும் துண்டுக்குள்ளும் இருந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்கள்.

கிரேம் சுற்றிலும் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"வருந்துகிறேன். தீர்மானம் நிறைவேறக் குறைந்தபட்ச உறுப்பினர்கள் அவையில் இல்லை."

"அய்யா, இந்த ரெண்டு பேரு வரலைன்னுதானே இவ்வளவு நாளா சொன்னீங்க? வந்துட்டாங்களே!" என்றேன்.

"வந்தார்கள். நான் மறுக்கவே இல்லை. மிகவும் நெகிழ்ச்சியான தருணம். நெகிழ்ச்சி என்றே குறிப்பில் ஏற்றச் சொல்கிறேன். ஆனால் நெகிழ்ச்சிக்கு வாக்குரிமை கிடையாது."

அம்மா போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா," என்றேன்.

வெளியே ஆர்ச்சி சித்தப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்க மகளே. ஒக்காந்து இருந்திருக்கணும். தெரியும். காலு கேக்கல," என்றார்.

பணம் போய்விட்டது. அம்மா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர்க் குழாய்க்குக்கூட ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போகிறாள். டெஸ்மண்ட் கொஞ்ச நாள் கூரந்தாவில் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனார். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பேரவை தன் ஆண்டு மலரில் கூட்டத்தின் படம் ஒன்றைப் போட்டது. ஏணியில் கிரேம் நிற்கிறார்.

ஜூலையில் கிரேமே போன் செய்தார். அக்கா இருக்கும் விடுதி, சொந்த ஊரில் டயாலிசிஸ் வசதி இல்லாதவர்களுக்கானது. பதிவேட்டில் யரிந்திக்கு வசதி உண்டு, அறை இருக்கிறதல்லவா. இதுநாள் வரை, இயந்திரம் வரப்போகிறது என்று சொல்லித் தவணை நீட்டிவந்தார்கள். இனி இயந்திரம் வரப்போவதில்லை. ஆகவே நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே அக்கா காலி செய்ய வேண்டும்.

"எங்க போவாங்க?" என்றேன்.

"விதிப்படி, வீட்டுக்கு."

"வீட்டுல தண்ணி உப்புங்க."

"தெரியும். அதனால்தான் பேசுகிறேன், நான் கல்நெஞ்சன் இல்லை. ஒரு கடிதம் கொடுங்கள். யரிந்தி மக்கள் நன்கு ஆலோசித்து, தங்கள் ஊரில் இந்த வசதி வேண்டாம் என்று தாங்களாகவே முடிவு செய்தார்கள் என்று. பதிவேட்டிலிருந்து அறையை எடுத்துவிடலாம். உங்கள் அக்கா அங்கேயே இருக்கலாம்."

"ரெண்டு பேரும் சேந்து வரணுமாங்க?"

"இல்லை, இல்லை. வேண்டாம் என்பதற்குத் தனித்தனிக் கையெழுத்தே போதும்."

அக்காவிடம் சொன்னேன்.

"என்னன்னு எழுதப் போற?"

"நமக்கு வேண்டாம்னு."

"சரி. எழுதிக் குடுத்துரு." பிறகு, "அழகா எழுதுடி. நீதான டவுன் பள்ளிக்கூடத்துல படிச்சவ. அடிச்சுத் திருத்தி அனுப்பாத."

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். தேதி இடது மூலையில், பொருள் நடுவில். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கி, படிக்கச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டாள். கூரந்தாவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் டெஸ்மண்டிடம் நீட்டினேன். அம்மாவின் கையெழுத்து இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

தபால் விமானம் வெள்ளிக்கிழமை வந்தது. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினேன். புழுதி ஒட்டிக்கொண்டது, பாவாடையில் துடைத்தேன். விமானி என்ஜினை நிறுத்தவில்லை. கையை நீட்டி வாங்கினான்.

"இன்னைக்கு இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

பைக்குள் போட்டு, பையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். நான் முகத்தை மூடிக்கொண்டு, புழுதி அடங்குகிற வரைக்கும் ஓடுபாதையில் நின்றேன்.